முதன்முதலாகப் பேசிய வார்த்தை

— அந்த ஒத்த வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க. நான் சேலையை மாத்திக்கிட்டு உங்க பின்னாலயே வர்றேன்.

— மணி பத்தாகப் போகுது புள்ள. பதினோரு மணிக்கு டிவியில போட்டுருவான். அது கெடக்கு, நீ கெளம்பு.

— கெடக்கு கெடக்குன்னு மூணு வாரம் கெடந்தாச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல தெருவே உக்காந்து பாக்கப் போகுது. மாரிக்கண்ணன் தன் பொண்டாட்டிகிட்ட மொதமொதப் பேசுன பேச்சு என்னன்னா, "ஓடு". நாயை வெரட்டுற மாதிரி. நான் யார் மூஞ்சியில முழிக்கிறது?

— நாயை எவன் "ஓடு"ன்னு வெரட்டுறான்? "சூ"ன்னுல்ல வெரட்டுவாக.

— இந்த எகத்தாளம் எல்லாம் அங்கன மெட்ராஸ்ல, டிவிக்காரன் கண்ணாடி ரூம்ல இருந்து வெளிய விட்டுக் கேள்வி கேட்டப்ப எங்க போச்சு?

— அங்கன நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிருச்சு. ஏசியாம் ஏசி. எனக்குப் பல்லு கிட்டிருச்சு.

— பல்லு கிட்டுனவருக்கு மொத ரெண்டு கேள்விக்கும் எப்படிப் பதில் வந்துச்சாம்? உங்க வீட்டம்மாவுக்குப் புடிச்ச பண்டம் என்னன்னான். சாத்தூர் சேவுன்னீக. சரி. கோவம் வந்தா என்ன செய்வாங்கன்னான். வெளக்குன பாத்திரத்தையே திரும்ப வெளக்குவான்னீக. அதுவும் சரி. நீங்க உள்ள இருந்தப்ப நான் சிலேட்டுல எழுதுனது எழுத்து மாறாம உங்க வாயில வருது. கை தட்டுறாக. கூரையில இருந்து கலர்ப் பேப்பரா கொட்டுது. ஐஸ் பொட்டி எனக்கு எட்டுற தூரத்துல நிக்குது. கதவைத் தொறந்தா உள்ள தானா லைட்டு எரியுது.

— உள்ள ஒரு தர்ப்பூசணி கூட வச்சிருந்தான்.

— அது பிளாஸ்டிக்கு. நான் தொட்டுப் பாத்தேன்.

— அதையும் தொட்டுப் பாத்தியா?

— பேச்சை மாத்தாதீக. மூணாவது கேள்வியில என்னத்துக்கு அப்படிச் சொன்னீக?

— ஏம்மா பாண்டி, ஏன் தம்பி, இன்னும் கெளம்பலையா ரெண்டு பேரும்? அல்லாவே, இந்தப் புள்ள இன்னும் தலை கூட வாரல.

— வாங்க குல்சார் அக்கா. உக்காருங்க.

— உக்கார எங்கம்மா நேரம்? எங்க வீட்டுல காலு வைக்க எடமில்ல. முன் ரூம்ல பாய் விரிச்சோம், பத்தல. அட்டைக்கடையில இருந்து பெரிய அட்டையா கொண்டாந்து வாசல் வரைக்கும் போட்டாச்சு. எங்க ஆசிப்போட அத்தா இருக்காரே, சிரிக்கவே காசு கேக்குற மனுசன், காலையில இருந்து ஆன்டெனாவைத் திருப்புறதும் எறங்கி வந்து பாக்குறதுமா இருக்காரு. பெருநாளு மாதிரி இருக்குமா வீடு.

— கரண்டு போகாம இருக்கணும்க்கா.

— போனா வெளங்காது. அதுக்குத்தேன் ஜெனரேட்டர் சொல்லி வச்சிருக்காரு. சரி, எங்கிட்ட மட்டும் சொல்லு. ஐஸ் பொட்டி எப்ப வருது? எங்கன வைக்கப் போறீக? இந்த வீட்டுல பிளக்கே ஒண்ணுதானே இருக்கு?

— சொல்லக் கூடாதுக்கா. ஜெயிச்சமா தோத்தமான்னு டிவியில வர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்கான்.

— அதுலயே தெரிஞ்சு போச்சே. தோத்தவங்ககிட்ட எதுக்கும்மா கையெழுத்து வாங்குறான்?

— அக்கா, டீ போடட்டுமா?

— டீயைப் போட்டு என் வாயை அடைக்காதீக தம்பி. வெளம்பரத்துல உங்களைக் காட்டுறான், பாத்தீகளா? நேத்து மட்டும் ஆறு தடவை. நீங்க கண்ணாடி ரூம்ல இருந்து வெளிய வர்றீக, காதுல மாட்டுனதைக் கழட்டுறீக, வாயைத் தொறக்குறீக. டக்குனு நிப்பாட்டிட்டான். "சிவகாசி மாரிக்கண்ணன் சொன்ன அந்த வார்த்தை என்ன? ஞாயிறு காலை பதினோரு மணிக்கு"ன்னு ஒரு சத்தம். எங்க பெனாசிர் ராத்திரி பூரா தூங்கல, அது என்ன வார்த்தையா இருக்கும்மா, என்ன வார்த்தையா இருக்கும்மான்னு.

— பெனாசிர் என்னன்னு நெனைக்குதாம்?

— வெக்கமா இருக்கு, நான் சொல்ல மாட்டேன். சினிமா பாத்துக் கெட்டுப் போயிருக்கு.

— நல்லா நெனச்சா போங்க. அந்த வார்த்தையைக் கேட்டா அவ இனிமே சினிமாவே பாக்க மாட்டா.

— என்னம்மா பாண்டி, டிவியில போய் வந்தவ மூஞ்சியா இது? போகும்போது எப்படிப் போன. பஸ் ஸ்டாண்டுல கையாட்டுனியே, அப்படியே ராணி கணக்கா இருந்துச்சு. சரி சரி, நம்ம மூக்கம்மா பெரியம்மா ஒம்பது மணிக்கே வந்து டிவிக்கு நேர் முன்னால உக்காந்துருச்சு.

— அது எதுக்குக்கா வந்துச்சு? அதுக்குத்தேன் கண்ணு தெரியாதே.

— என்ன தம்பி இப்படிக் கேக்குறீக? காது கேக்கும்ல. மகனைப் பறிகுடுத்த மனுசி. மகனோட கூட்டாளி டிவியில பேசப் போறான், கருப்பணன் இருந்தா அவனும் கூடப் போயிருப்பான்னு சொல்லிச் சொல்லி பூரிச்சுப் போய் உக்காந்துருக்கு. உங்களுக்குன்னு முறுக்கு வேற சுட்டுக் கொண்டாந்துருக்கு.

— வேற யாரு வீட்டுலயாவது அதை உக்கார வைக்கலாம்ல?

— தெருவுல கலர் டிவி எங்க வீட்டுலதானே தம்பி இருக்கு. உங்களுக்கு என்ன ஆச்சு இன்னைக்கு? ஆமா, அந்த மெட்ராஸ்காரன் கடைசியில போனை எடுத்தானா? நாலு நாளா எங்க கடை போன்ல கூப்பிட்டுக்கிட்டே இருந்தீகளே.

— எந்த மெட்ராஸ்காரன்?

— ஐயோ. உனக்குத் தெரியாதாம்மா? நான் ஒண்ணுஞ் சொல்லல. அடுப்புல பாலை வச்சிட்டு வந்தேன். அரை மணி நேரத்துல வந்துருங்க, உங்க ரெண்டு பேருக்கும் நாற்காலி போட்டு வச்சிருக்கு.

— போயிட்டாக. இப்பச் சொல்லுங்க. மெட்ராஸுக்கு எதுக்குப் போன் பண்ணுனீக?

— நீ எதுக்குப் பண்ணுன?

— நான் எங்க பண்ணுனேன்?

— புதுப்பட்டி முக்குல ஒத்த ரூவா போன் இருக்குல்ல, அந்தக் கடைக்காரன் சொன்னான். உங்க வீட்டம்மா சில்லறை மாத்தி மாத்திப் பேசுறாக, மெட்ராஸ்ல சொந்தக்காரங்களான்னு கேட்டான்.

— சரி, பண்ணுனேன். இப்ப என்ன?

— ஒண்ணுமில்ல. எதுக்குன்னுதேன் கேக்கேன்.

— அந்த அண்ணன் சொன்னாருல்ல. நிகழ்ச்சி நடத்துறவரு. அம்புட்டு சனத்துக்கு முன்னாடி என் ரெண்டு கையையும் புடிச்சு, "இவங்க என் கூடப் பொறக்காத தங்கச்சி, எப்ப வேணாலும் என்னைக் கூப்பிடலாம்"னு சொன்னாரு. நீங்க கண்ணாடி ரூம்ல இருந்தீக, உங்களுக்குக் கேட்டிருக்காது. நான் கூப்பிட்டேன்.

— எடுத்தாரா?

— ஒரு பொண்ணு எடுத்துச்சு. பாண்டிச்செல்வி பேசுறேன்னேன். எந்தப் பாண்டிச்செல்வின்னுச்சு. சிவகாசி, வெடி ஆபீஸ்ல வேலை பாக்குறவன்னு சொன்னேன். உங்க எபிசோடு நம்பர் என்னன்னு கேட்டுச்சு. எனக்கு என்ன தெரியும்? அன்னைக்கு மட்டும் நாலு ஜோடியைப் படம் புடிச்சாகளாம், அந்த வாரத்துல பதினெட்டு ஜோடியாம். நம்பர் தெரிஞ்சா கூப்பிடுங்கன்னு வச்சிருச்சு.

— அதுக்கு அப்புறமும் கூப்பிட்டியா?

— ஏழு தடவை.

— விடு புள்ள.

— எப்படி விடுறது? நீங்க பாத்தீகல்ல, எனக்கு மூஞ்சிக்கு மேக்கப்பு போட்டு விட்ட அந்த அம்மா என் தாடையைப் புடிச்சுத் தூக்கி, "என்ன கண்ணும்மா உனக்கு"ன்னுச்சு. காதுக்குப் பின்னால அலுமினியப் பவுடர் இருந்துச்சு, நாலு நாளு தேங்கா எண்ணெயைப் போட்டுத் தேச்சும் போகல. அந்த அம்மா அதைத் தொடைக்கல. "இருக்கட்டும், மின்னுது"ன்னுச்சு. அப்படியே அந்த வெளிச்சத்துக்குள்ள போனேன். எம்புட்டு வெளிச்சம். வேர்க்குது, ஆனா சுடல. நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறாக. நம்ம ஆபீஸ்ல நான் திரி ஏத்திக்கிட்டே நாளெல்லாம் பேசுறேன், ஒருத்தி நிமிந்து பாத்ததில்ல. அங்கன எறநூறு பேரு என் வாயையே பாக்குறாக.

— ஓரத்துல ஒருத்தன் நின்னு கையைத் தூக்கித் தூக்கிக் காமிச்சான். அவன் தூக்குனா சிரிப்பாக, எறக்குனா நிப்பாட்டுவாக.

— தெரியும். நானும் பாத்தேன். இருந்தாலும் சிரிச்சாகள்ல?

— சிரிச்சாக.

— முடிஞ்ச ஒடனே என்ன செஞ்சாக? சேலையை அவுத்து வாங்கிக்கிட்டாக. நகையை வாங்கிக்கிட்டாக. பின்னாடி கேட்டுல விட்டு, ஆளுக்கு ஒரு தயிர்ச்சாதப் பொட்டலம். அந்த அண்ணன் கார்ல நம்மளத் தாண்டித்தேன் போனாரு. நான் கையைக் காமிச்சேன். அவருக்கு அடையாளம் தெரியல. நான் என் பழைய சேலையில இருந்தேன்ல, அதான் தெரியலன்னு உங்ககிட்ட சொன்னேன். நெசமாவே அதான்னு நெனச்சேன்.

— எனக்குத் தெரியும் புள்ள.

— ஊருக்கு வந்து ரெண்டு நாளு ஆளாளுக்கு வந்து கேட்டாக. மூணாம் நாளு ஆபீஸ்ல போர்மேன் என்னன்னான்? டிவிக்காரி, சீசன் நேரம், கை வெரசா ஓடட்டும்னான். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டா நம்ம குண்டு பல்பு அழுது வடியுது. இம்புட்டு நாளு இந்த வெளிச்சத்துலயா சோறு பொங்குனோம்னு இருந்துச்சு. எனக்குச் சாப்பாடு எறங்கல. என்னத்தையோ தொலைச்சிட்டு வந்த மாதிரி, ஆனா என்னத்தைன்னு தெரியல. இன்னைக்கு ஒரு நாளுதேன் எனக்கு மிச்சம். பதினோரு மணியில இருந்து பன்னெண்டு மணி வரைக்கும். அதுலயும் கடைசியில எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கப் போறாக.

— என்னைப் பாத்துத்தேன் சிரிப்பாக.

— "அப்பவே தப்பிச்சு ஓடச் சொல்லிட்டாரு மனுசன்"னு அந்த அண்ணன் ஒரு போடு போட்டாரே. எறநூறு பேரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக. யாரும் கை தூக்கிக் காமிக்கல, தானாச் சிரிச்சாக. எம் பொழப்புல அது ஒண்ணுதேன் நெசச் சிரிப்பு. நான் சிலேட்டுல எழுதி வச்சிருக்கேன், "வாளியைக் குடுங்க"ன்னு.

— நீ எழுதுனது தப்பில்ல.

— எப்படித் தப்பாகும்? புதுப்பட்டி பஸ்ல நான் நிக்கேன், நீங்க உக்காந்துருக்கீக. கூட்டத்துல என் சோத்து வாளி இடிபடுது. "வாளியைக் குடுங்க, நான் வச்சுக்கிடுறேன்"னு சொன்னீக. பொம்பளப் புள்ளைகிட்ட அம்புட்டு மரியாதையா யாரும் பேசி நான் கேட்டதில்ல. அந்த ஒரு சொல்லுக்குத்தேன் எங்க அய்யாவை எதுத்துக்கிட்டு உங்களைக் கட்டுனேன். நீங்க என்னடான்னா ஊரு சிரிக்கணும்னு, ஒரு ஐஸ் பொட்டியையும் விட்டுட்டு.

— ஊரு சிரிக்கணும்னு நான் சொல்லல.

— அப்புறம்?

— அதை வெட்டி எடுங்கன்னு கேக்கத்தேன் போன் பண்ணுனேன். அந்த ஒத்த வார்த்தையை மட்டும் எடுத்துருங்க, எங்களைக் காட்டாட்டியும் சரின்னேன். அந்தாளு சொல்றான், "சார், அதுதான் சார் நிகழ்ச்சியே. அதை வச்சுத்தான் வெளம்பரமே ஓடுது"ங்கான்.

— எங்களைக் காட்டாட்டியும் சரின்னீகளா? எனக்கு மிச்சமிருக்க அந்த ஒரு மணி நேரத்தையும்?

— ஆமா.

— வெளையாட்டுக்குச் சொன்னதுன்னா எதுக்கு வெட்டச் சொல்லணும்?

— நான் எப்ப வெளையாட்டுக்குச் சொன்னேன்னேன்? காதுல பாட்டைப் போட்டு அரை மணி நேரம் அந்தக் கண்ணாடிக்குள்ள உக்கார வச்சான். ஒண்ணும் கேக்கல, எல்லாரும் வாயசைக்கிறது மட்டும் தெரியுது. எனக்கு அதைப் பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. வெளிய வந்ததும், உங்க மனைவிகிட்ட முதன்முதலா பேசுன வார்த்தை என்னன்னான். உள்ளது வாயில வந்துருச்சு.

— உள்ளதா? வாளி?

— வாளி ரெண்டாவது.

— மொதல்ல எங்க பேசுனீக? எனக்குத் தெரியாம?

— அது கெடக்கு புள்ள. மணி பத்தே முக்கால்.

— இன்னொரு தடவை கெடக்குன்னு சொன்னீக, நான் வெம்பக்கோட்டைக்கு, எங்க அய்யா வீட்டுக்கே பஸ் ஏறிருவேன். எங்க பேசுனீக?

— பழைய கம்பெனியில.

— பழைய கம்பெனியில நான் வேலை பாத்ததே மூணு நாளு. மூணாம் நாளுதேன் வெடிமருந்து ரூமே வெடிச்சு எல்லாம் போச்சே.

— ஆமா.

— என்ன ஆமா?

— அன்னைக்குத்தேன்.

— இருங்க. இருங்க இருங்க. நான் தட்டைத் தூக்கிக்கிட்டு மருந்து ரூமுக்கு நேரா போறேன். எதுத்தாப்புல இருந்து ஒரு சத்தம். ஆம்பளச் சத்தம். "ஓடு"ன்னு.

— ம்.

— யாருன்னு பாக்கல, காலு தானா திரும்பிருச்சு. என்னப் பாத்து பின்னால வந்தவளுக ஏழு பேரும் ஓடுனாளுக. வேலியைத் தாண்டி விழுந்து எந்திரிச்சுப் பாத்தா ரூமைக் காணோம். அந்தச் சத்தம் நீங்களா?

— என்ன புள்ள, எதுக்கு அழுற? சேலை நனையுது பாரு.

— நீங்களா அது? ஏழு வருசம். ஒரே பாயில படுத்துக்கிட்டு ஏழு வருசம் வாயைத் தொறக்காம இருந்துருக்கீக. நான் அது இருக்கங்குடி ஆத்தா சத்தம்னு நெனச்சு வருசா வருசம் மொளகு வத்தலும் உப்பும் போட்டுக்கிட்டு இருக்கேன். ஆம்பளச் சத்தமா இருக்கே, இருந்தாலும் ஆத்தாளாத்தேன் இருக்கும்னு.

— ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா.

— எனக்கு அந்த ஐஸ் பொட்டி வேணாம். இப்பச் சொல்றேன், எனக்கு எதுவும் வேணாம். அந்த அண்ணன் என்னை மறந்தா மறந்துட்டுப் போறாரு. கேட்டுக்கிடுங்க, நான் என் நீலச் சேலையைக் கட்டப் போறேன். தெருவே சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்ச ஒடனே நான் எந்திரிச்சு நின்னு சொல்றேன், எதுக்குடி சிரிக்கிறீக, எம் புருசன் எங்கிட்டப் பேசுன மொத வார்த்தையிலதேன் நான் இன்னைக்கு உசுரோட நிக்கேன்னு. மெட்ராஸ்ல கூட யாருக்கும் இப்படி ஒரு மொத வார்த்தை இருக்காது.

— பாண்டி, உக்காரு.

— உக்கார நேரமில்ல. பவுடரு எங்க? மொதல்ல மூக்கம்மா பெரியம்மாகிட்டதேன் சொல்லணும். அது எந்நேரமும் எங்கிட்டக் கேக்கும் தெரியுமா? "ஓடுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றீகளே, அது யாருடி? எம் மகன் போனாலும் எட்டுப் பொம்பளப் புள்ளைகளை அனுப்பி வச்ச மகராசன் யாரு? அவன் காலைத் தொட்டுட்டுத்தேன் நான் கண்ணை மூடுவேன்"னு சொல்லும். இம்புட்டு நாளும் அது உங்களுக்குத்தேன் முறுக்கு சுட்டுப் போட்டுருக்கு, அதுக்கே தெரியாம. டிவியில அந்த வார்த்தையைக் கேட்டதும் அதுக்கே புரிஞ்சு போகும். அதுக்கு முந்தி நானே காதுல சொல்லிருறேன்.

— சொல்லாத.

— ஏன்? கூச்சமா?

— அந்த மருந்து ரூம் வாசல்ல வேற யாரு இருந்தா, யோசிச்சுப் பாரு.

— கருப்பணன் அண்ணன். வாசப்படியில முதுகைக் காட்டி உக்காந்து மருந்து சலிச்சுக்கிட்டு இருந்தாரு. பாவம், அவருக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது.

— கேட்டுச்சு. திரும்பிப் பாத்தான். உள்ள பொகை கெளம்புறது அவனுக்குத் தெரியல, நான் நின்ன எடத்துல இருந்து எனக்குத்தேன் தெரிஞ்சுச்சு. நீ ஓடுறதைப் பாத்தான், என்னையப் பாத்தான், புதுசா வந்த புள்ளையக் கேலி பண்றேன்னு நெனச்சுச் சிரிச்சான். அந்த எறநூறு பேரும் சிரிச்சாகளே, அப்படியே.

— ஏங்க.

— ஒத்த வார்த்தை சொல்லத்தேன் எனக்கு நேரம் இருந்துச்சு, பாண்டி. உன் பேரு எனக்குத் தெரியாது. அவன் பேரு தெரியும், அதை நான் கூப்பிடல.